எண்பது கிலோமீட்டர்

"மூணு மாசம்கூட ஆகலை, மறுபடியும் அதே நடுக்கம். இதுக்குப் பேர் ரிப்பேரா?"

கார் பட்டறையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் காது சுட்டது. இருபது வருஷத்தில் அவர் கை வைத்த வண்டி எதுவும் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயரைத்தான் இந்த அம்மாள் நாலு பேர் முன்னால் நாறடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு தரையைப் பார்த்து நின்றார்.

"பாருங்கம்மா, வால்வு பூரா கரி. பழைய எஞ்சின்ல பெட்ரோல் இது மேல பட்டு உள்ளே போகும், அதுவே கழுவிடும். இதுல நேரா சிலிண்டருக்குள்ள பீய்ச்சுது, கழுவ ஆளில்லை. நின்ன இடத்துலயே எஞ்சினை ஓடவிட்டா இப்படித்தான் அப்பும்."

"நின்ன இடத்துலயா? இவர் தினமும் எண்பது கிலோமீட்டர் ஆபீஸ் போயிட்டு வர்றார். உங்க தப்பை மறைக்கக் கதை சொல்லாதீங்க."

இன்னும் நின்றால் வாயை விட்டுவிடுவோம் என்று மெக்கானிக் விடுவிடுவென்று காருக்குப் போனார். முன் சீட்டில் துவைத்த உறை போட்ட ஒரு தலையணை கிடந்தது. அதை எரிச்சலோடு ஒதுக்கிவிட்டு மீட்டரையும் போன சர்வீஸ் அட்டையையும் ஒப்பிட்டார். இடையில் ஓடியது வெறும் முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

கணவர் பின்னாலேயே வந்திருந்தார்.

"என்ன சார் இது? வாங்க, உங்க வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை போயிடுச்சு. ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஒரு மரத்தடியில ஏசியைப் போட்டுக்கிட்டு வண்டியிலயே கிடக்கேன். அவளுக்குத் தெரியாது."

மெக்கானிக்குக்குக் கோபத்தை யார்மேல் காட்டுவதென்றே தெரியவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் திணித்தார். திரும்பி வந்து, எல்லார் காதிலும் விழும்படி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"தப்பு என்னோடதுதாம்மா. போன தடவை சரியா சுத்தம் பண்ணலை."

அவள், கணவர் காருக்குள் குனிந்து சாப்பாட்டுப் பையை எடுக்கும்வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே, அவர் எதிர்ல வேற எப்படிப் பேசுறதுன்னு தெரியலை. அந்தத் தலையணையை வெச்சதே நான்தான்."