ஐந்தாம் இலை

"மேடம், அஞ்சாவது இலையிலேயே அடிப்பக்கம் முடி வந்திருச்சு!" என்று ரிஃபானா எங்கள் வழிகாட்டிக்கு ஃபோன் போட்டுக் கத்தியபோது பக்கத்தில் நின்ற என் வயிறு பற்றி எரிந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஐந்நூறு தொட்டிகள். எல்லாவற்றிலும் கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி.

குழந்தைப் பருவத்தில் அதன் இலைக்கு மேல்பக்கம் மட்டும்தான் முடி. வயதுக்கு வந்ததும் அடிப்பக்கமும் முளைக்கும். கீழிருந்து எண்ணினால் ஏழாவது இலையில்தான் அது நடக்கும். முன்னாடியே நடந்தால் மரபணுவில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி ஒரு செடியைத் தேடித்தான் ஆறு வருஷமாகக் குனிந்து குனிந்து என் முதுகு போனது. இவள் வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை.

வைஷ்ணவி மேடம் ஏகாதசி விரதம் என்றுகூடப் பார்க்காமல் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டியில் ஓடி வந்தார். லென்ஸை வைத்து மூன்று முறை எண்ணினார்.

ஐந்துதான்.

"ஆராய்ச்சின்னா இப்படி இருக்கணும், பெலிண்டா" என்றார். அதை என்னைப் பார்த்தா சொல்ல வேண்டும்?

ரிஃபானா லட்டு வாங்கி வந்தாள். முதல் லட்டு எனக்கு.

"எங்க கூடப்பொறந்த லாத்தா நிக்காஹுக்கு நான் ஊருக்குப் போயிருந்தப்ப பத்து நாளும் நீங்கதானே அக்கா தண்ணி ஊத்தினீங்க? கட்டுரையில உங்க பேரும் வரணும்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

கண் கலங்கியிருந்தது, சனியனுக்கு.

தண்ணீர் ஊற்றினேன். அதில் பொய் இல்லை.

அந்தப் பத்து நாளில் ஒரு மத்தியானம், மேடம் அவள் செடிகளின் முன் நின்று, "பொண்ணு நன்னா வளர்த்திருக்கா" என்று மெச்சிவிட்டுப் போனார். அறையில் வேறு யாரும் இல்லை. இருந்ததிலேயே செழிப்பான செடியின் அடியிலிருந்து இரண்டு இலைகளைத் தடம் தெரியாமல் நகத்தால் கிள்ளினேன். பொன்மலை பஸ்ஸின் ஜன்னல் வழியே வீசினேன்.

பட்டுப்போகட்டும் என்றுதான் கிள்ளினேன். அது பாட்டுக்கு வளர்ந்தது. ஏழாவது இலை ஐந்தாவதாகிவிட்டது, அவ்வளவுதான்.

மேடம் இப்போது அந்தச் செடிக்குக் காகிதப் பை கட்டிக்கொண்டிருந்தார். விதை முற்ற ஒரு மாதம். அது முளைத்து ஏழாம் இலை விட இன்னொரு மாதம். அதிலும் ஏழாவதில்தான் அடிப்பக்கம் முடி வரும்; அப்போது எல்லாம் வெளியே வந்துவிடும்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"மேடம் விரதமாம். அவங்க பங்கும் உங்களுக்குத்தான் அக்கா" என்று ரிஃபானா இன்னொரு லட்டை என் வாயில் வைத்தாள்.