வாளியில் ஒரு சிறுகோள்

அவனுக்குத் தொழில் திருட்டு; ஊர் வைத்த பட்டப்பெயர் நரி.

“இன்னொரு தடவை கம்பி எண்ணப் போனீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்” என்று பெண்டாட்டி கறாராகச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். ஆனால் நரியின் கை சும்மா இருந்தால்தானே!

இந்தத் தடவை அவன் நுழைந்தது, சிறுகோள்களில் சுரங்கம் தோண்டப் போகிற ஒரு கம்பெனி. விண்வெளியில் சுற்றித் திரிகிற பாறைகளில் ராக்கெட்டை இறக்கி, பிளாட்டினத்தை வெட்டி எடுத்து வரப்போகிறார்களாம். அதுவரை ஜனங்கள் பங்கு வாங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக்கு ஒரு கறுப்புக் கல். அதைக் குறிவைத்துத்தான் நரி அங்கே கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

இப்படி ஓர் அசட்டுக் கம்பெனியை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பெட்டியின் சாவி பூட்டிலேயே தொங்கியது. கேமராவின் ஒயர் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. மேனேஜர் வேறு, “கண்ணாடியை நல்லாத் தொடைப்பா. உள்ளே இருக்கிறது ஒரு பரம்பரைக்கே சோறு போடும்” என்று தினமும் உசுப்பேற்றிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

அன்றும் போனார். நரி கல்லை எடுத்து அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினான். மேலே துணியைப் போட்டு மூடி, நடையைக் கட்டினான்.

வாசலில் அன்றுதான் சேர்ந்த செக்யூரிட்டி, விறைப்பாக நின்றார்.

“வாளி என்னய்யா இந்தக் கனம் கனக்குது?”

“அழுக்கு சார். ஆபீஸ் அப்படி.”

செக்யூரிட்டி உள்ளே கையை விட்டுத் துழாவினார். கல் வெளியே வந்தது. நரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், சாப்பிட்டுத் திரும்பிய மேனேஜர் முன்னால் நிறுத்தினார்.

“சார், கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்!”

நரி தடாலென்று காலில் விழுந்தான். “போலீஸ் மட்டும் வேண்டாம் சார்! பெண்டாட்டி போயிடுவா சார்!”

மேனேஜரின் முகம் சிவந்தது. கல்லை வெடுக்கென்று பிடுங்கினார். அதை மறுபடி நரியின் கையிலேயே திணித்து, “நீ கிளம்புப்பா” என்று முதுகில் தட்டி அனுப்பிவிட்டு, செக்யூரிட்டி பக்கம் திரும்பினார்.

“யோவ், உன்னை யாருய்யா பிடிக்கச் சொன்னது? ‘வானத்துக் கல் கொள்ளை’ன்னு நாளைக்குப் பேப்பர்ல வந்தாத்தானேய்யா, நம்ம கொல்லையில பொறுக்கின கல்லை நம்பி ஊரே பங்கு வாங்க ஓடி வரும்!”