அவுட்பாக்ஸை விட்டு நகராத மெயில்

"அஞ்சு மணிக்குள்ள இந்த மெயில் மெயின் ஆபீசுக்குப் போயாவணும்யா!" என்று மேனேஜர் கலியமூர்த்தி கத்தினார்.

வடலூரிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்திருந்த அருண்ராஜ் தலையைச் சொறிந்தான். "நெட் இருக்கு சார். பாஸ்வேர்டும் சரி. ஆனா அவுட்பாக்ஸை விட்டு நகர மாட்டேங்குது."

டைப்பிஸ்ட் சத்யப்பிரியா கிட்டே வந்தாள். "மழை நேரம்ங்க சார். நாளைக்குப் பாத்துக்கலாமே."

"மழைக்கும் மெயிலுக்கும் என்னம்மா? நீ ஏன் நடுங்கிக்கினு நிக்கிற?"

"காய்ச்சல்ங்க சார்."

அருண்ராஜ் புரோகிராமை மூடித் திறந்தான். அட்டாச்மென்ட் பெரிதா என்று பார்த்தான். ஒவ்வொன்றும் பலிக்காதபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கடிகாரம் ஐந்தைத் தாண்டியது.

"அடச்சே! யாரோ 'ஒர்க் ஆஃப்லைன்' பட்டனை அமுக்கி, மெயில் வெளிய போவாம நிறுத்தி வெச்சிருக்காங்க சார். இது தானா ஆவாது."

ஒரே தட்டு. மெயில் பறந்தது.

சத்யப்பிரியா தன் நாற்காலிக்குத் திரும்பினாள். காலையில் மேனேஜர் பாதி அடித்துவிட்டு டீ குடிக்கப் போனபோது, அந்த மெயிலில், அங்கேயே கான்ட்ராக்டில் வேலை செய்யும் தன் கணவன் அன்புச்செல்வனின் பெயரைப் பார்த்தாள். மேற்கொண்டு படிக்கத் தைரியமில்லை. போன வருஷம் மெயின் ஆபீசுக்குப் பெயர் அனுப்பப்பட்ட கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லோருக்கும் வேலை போனது. பட்டனை அமுக்கியது அவள்தான்.

மேனேஜரின் போன் அடித்தது. பேசி முடித்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"லேட்டுன்னு தள்ளிட்டாங்கம்மா. உன் வூட்டுக்காரரைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதியிருந்தேன். ஆர்டர் வந்தப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன். எந்தப் பாவி அந்தப் பட்டனை அமுக்குனானோ!"