மீனுக்கு ஜலதோஷம்

குளம் வற்றி ஒரே ஒரு சேற்றுக்குழிதான் மிச்சம் இருந்தது. எருமைக்கும் அது வேணும், பன்றிக்கும் வேணும். யார் நன்றாகப் பேசிக் கேட்கிறார்களோ அவர்களுக்கே குழி என்று ஆடுகளும் கோழிகளும் கூட்டம் போட்டன.

எருமைக்குப் பயிற்சி கொடுத்தது மைனா. கல்யாண மண்டபத்தில் கூடு கட்டியதால் அதற்கு மேடைப் பேச்சு அத்துப்படியாம். "முதல்ல ஒரு ஜோக் சொல்லுங்கண்ணே. எல்லாரும் சிரிச்ச பிறகு விஷயத்துக்கு வாங்க."

எருமை மேட்டில் ஏறி, கடைசிக் கோழிக்குஞ்சு வரைக்கும் "அவர்களே" போட்டு முடித்தது. பிறகு, "மீனுக்கு எப்பவும் ஜலதோஷம். ஏன்னா அது தலையே துவட்டாது," என்றது. யாரும் சிரிக்கவில்லை. எருமை காத்திருந்தது. "மீன்கிட்ட துண்டு இல்லைல்ல, அதான்," என்று விளக்கியது. மறுபடியும் காத்திருந்தது. கோழிகள் தூங்கிவிட்டன. கடுப்பில் காலை உதைத்த எருமை, தான் போட்ட சாணியிலேயே வழுக்கிக் கீழே உருண்டது. கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

"இப்பச் சொல்லுங்கண்ணே, வெயில்ல தோல் வெடிக்குதுன்னு," என்று கத்தியது மைனா.

"முதல்ல என் ஜோக்குக்குச் சிரிக்கட்டும்," என்றது எருமை.

பன்றி ஏறியது. "நானும் நேத்து இதே இடத்துலதான் விழுந்தேன். எழுந்து வந்தப்ப யாருக்கும் வித்தியாசமே தெரியல," என்றது. சிரிப்பு அடங்குவதற்குள், "வெயில் தாங்கல, குழியைக் கொடுங்க," என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டது. குழியும் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் பன்றி சேற்றில் சுகமாகப் புரண்டது. எருமை காய்ந்த கரையில் நின்று, மீனுக்குத் துண்டு இல்லை என்பதை மைனாவுக்கு இன்னொரு தடவை விளக்கிக்கொண்டிருந்தது.