மூன்றாம் மாடி ஜன்னல்

மூடிப்போன ஆலைகளைப் படமெடுத்தே பெயர் வாங்கியவர் அந்தப் புகைப்படக்காரர். கேமராவின் கண்ணைப் பத்து நிமிடம் திறந்தே வைப்பார். நடமாடுகிறவர்கள் பதியமாட்டார்கள், கட்டடம் மட்டும் தன்னந்தனியாக நிற்கும்.

அன்று தூறல். கேமராவுக்குக் குடை பிடித்தபடி மச்சினன் அவர் பக்கத்திலேயேதான் நின்றான். ஆனால் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், ஆலையின் மூன்றாம் மாடி ஜன்னலில் துல்லியமாக நிற்கிறான்!

கண்காட்சி அமைப்பாளர் போனில் கறாராகச் சொன்னார்: “ஈ, காக்கா இருக்கக்கூடாது சார். படத்தை மெயில்ல அனுப்ப அரை மணி நேரம்தான் இருக்கு.”

பதினைந்து வருடக் கனவு. மச்சினனை அழித்துவிட்டு, மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“உன் தம்பி எங்கே? காலி ஃபிரேமை வண்டியில ஏத்தணும்.”

“எந்தத் தம்பி?” சமையலறையிலிருந்து சிரித்தாள். “நான் ஒத்தைப் பிள்ளைன்னு தெரியாதா? மழையில நனைஞ்சு மூளைக்கும் சளி பிடிச்சிடுச்சா?”

வாசலில் அவன் குடை இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

திரையைப் பார்த்தார். அதே ஜன்னல். இப்போது அங்கே மனைவி.

போன் அடித்தது. “சார், படம் இன்னும் வரலையே? அடுத்த ஆளுக்கு அந்தச் சுவரைக் கொடுத்துடட்டுமா?”

“என்னங்க, பால் வச்சிருக்கேன். காபியா, டீயா?”

அவர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னார்.

“ரெண்டு நிமிஷம்.”

படம் போய்ச் சேர்ந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இறக்கிவைக்க ஆளில்லை.