வசனமில்லாத படம்

"திரையில தெரியறதை மட்டும் நீ சொல்லு. அர்த்தமெல்லாம் நான் சொல்றேன்," என்றபடி நாற்காலியில் சாய்ந்தார் கணவர். வீட்டில் அவருக்குச் சினிமாப் பைத்தியம் என்றே பெயர். அதிலும் தலையும் வாலும் புரியாத படங்கள் என்றால் உயிர்.

"ஆரம்பிச்சிடுச்சுங்க. இதுல வசனம், மியூசிக் எதுவுமே கிடையாதாம்," என்றாள் மனைவி.

"அப்போ பெரிய டைரக்டர்தான். சொல்லு."

"ஒரு வீடு. சுவர் பூரா காது முளைச்சிருக்கு. ஆனா அங்க இருக்கிற பொண்ணு பேசினா யாருக்கும் கேட்கலை."

"ஆஹா! புல்லரிக்குது. அப்புறம்?"

"அவ முகம் கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுட்டே வருது. புருஷனுக்கு அது தெரியவே இல்லை. எனக்கும் சில சமயம்..."

"உன் கதை எதுக்கு இப்போ? படத்தைச் சொல்லு."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தாள்.

"அவ பெட்டியை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போறா. கதவைத் திறக்கிறா."

கதவு கிறீச்சிட்டது.

"அடடா, என்ன சவுண்டு! நம்ம வீட்டுக் கதவு மாதிரியே இருக்கு!" அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "புருஷன் எழுந்து தடுக்கிறானா?"

"இல்லைங்க. ரசிச்சுட்டு உட்கார்ந்திருக்கான்." குரல் வாசல் பக்கமிருந்து வந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

"பிரமாதம்! அப்புறம்?"

கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, பார்வையில்லாத கண்களைத் துடைத்துக்கொண்டு அவர் ஆவலோடு காத்திருந்தார். எதிரே, அவள் போடாமலே விட்டிருந்த டிவியின் இருண்ட திரையில் அவர் மட்டும் தெரிந்தார்.