மடிப்பு மாற்றுதல்

பட்டுப் புடவை முதலில் எங்கே கிழியும், தெரியுமா?

மடிப்பில்.

அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். இருபது வருடமாகத் தாராவியில் துணி தேய்ப்பவனுக்கு அது தெரியும். தெரிந்தும் இரண்டு வருடமாக மறந்திருந்தான்.

இன்று சாயங்காலம் அவன் மனைவியே பெட்டியை இழுத்துத் திறந்தாள். கல்யாணப் புடவை.

அறை பத்தடி. புடவை பன்னிரண்டு முழம். அவள் சுவரில் சாய்ந்தபடி ஒரு முனையைப் பிடித்தாள். அவன் மறுமுனையோடு சந்தில் இறங்கினான்.

சிலிண்டர் தூக்கி வந்த பக்கத்து வீட்டு சேர்மக்கனி நின்றார்.

"என்ன அண்ணாச்சி, தெருவ மறிச்சுப் பந்தலா போடுதீய?"

"குனிஞ்சு போரும்வே."

அவர் குனிந்து போனார்.

அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய். ஏழு நாள் ஊசி, மூன்று வாரம் ஓய்வு. அப்படி ஆறு சுற்று முடிந்துவிட்டது.

டாக்டர் இந்தியில் சொன்னதை நாசரேத்துக்கார நர்ஸ் முதல் நாளே தமிழில் சொல்லியிருந்தாள்.

"ஒங்க மரபணுவுல இருக்க எழுத்து எதுவும் அழியலக்கா. இறுக்கி மடிஞ்சு கெடக்கு. நோயத் தடுக்கச் சொல்லுத வரி அந்த மடிப்புக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. ஒடம்பால அத வாசிக்க முடியல. இந்த ஊசி மடிப்பப் பிரிக்கும். ரிப்போர்ட்டுல இந்த நம்பர், நூத்துக்கு எத்தன கெட்ட அணுன்னு காட்டுதது, அஞ்சுக்குக் கீழ வந்தா ஊசி கேக்குதுன்னு அர்த்தம்."

அன்று அவள் சிரித்தாள்.

"எங்க வீட்டுல மடிக்கதுக்குத்தான் ஆளு இருக்கு. பிரிக்க ஊசில்லா வேண்டியிருக்கு."

தொடங்கும்போது அந்த எண் பதினான்கு.

இன்று மதியம் அவன் மட்டும் போய் ரிப்போர்ட் வாங்கினான்.

இருபத்தொன்று.

"ஊசியோட புதுசா ஒரு மாத்திரையும் சேத்துப் பாக்கலாம்ங்காரு அண்ணாச்சி," என்றாள் நர்ஸ். "உறுதி சொல்ல முடியாதாம். அக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீடு வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

இப்போது புடவையைத் தூக்கிப் பிடித்தான். நடு மடிப்பு நெடுக வெளிச்சம் தெரிந்தது. பட்டு இற்றிருந்தது. ஓரத்துச் சரிகைதான் இரண்டு பக்கத்தையும் பிடித்து வைத்திருந்தது.

அவன் தேய்த்த மடிப்பு. கத்தி மாதிரி இருக்கட்டும் என்று தண்ணீர் தெளித்து அழுத்தித் தேய்த்தது.

உள்ளிருந்து கேட்டாள்.

"ஊசி கேக்குதாமா?"

"கேக்குது."

அவள் தன் முனையோடு அவனை நோக்கி நடந்து வந்தாள். நாலு எட்டு. நடுவில் ஒருமுறை நின்றாள்.

முனையும் முனையும் சேர்ந்தன. அவள் விரல் சில்லிட்டிருந்தது.

அவள் புடவையைப் பார்க்கவில்லை. அவன் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"பொறவு அத ஏன் மடிச்சே வச்சிருக்கீய?"

அவன் புடவையை வாங்கி, பழைய மடிப்புக் கோட்டைத் தவிர்த்து, வேறு இடத்தில் மடித்தான். அழுத்தவில்லை.

மறுநாள் காலை அவன் எழுந்தபோது இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. ரிப்போர்ட் தேய்ப்பு மேசைமேல் விரிந்து கிடந்தது. ஒரு மடிப்பும் தெரியாமல் தேய்த்திருந்தாள்.

வெளியே, ஆஸ்பத்திரிப் பையோடு, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.